கேட்டதற்கு மட்டும் பதில்

1893ஆம் ஆண்டு பிப்ரவரி 16. வைஸ்ராயின் சட்டசபையில் பிங்கா சமஸ்தானத்து ராஜா ஒரு கேள்வி கேட்டார். அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது அவர்களுக்குச் சாமான் கொடுக்க வேண்டிய கட்டாயத்தால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டம் பற்றிய கேள்வி அது. இந்தியச் சட்டசபை வரலாற்றில் பதிவான முதல் கேள்வி இதுதான். ராணுவம், எல்லை, கஜானா என்று எத்தனையோ இருக்க, ஊர்க் கடைக்காரனின் மூட்டை அரிசி போன்ற ஒரு விஷயத்தில் இந்த வழக்கம் தொடங்கியது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது.

கேள்வி கேட்கும் உரிமையே அதற்கு முந்தைய ஆண்டு வந்த 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. அப்போது துணைக்கேள்வி கிடையாது. கேட்டால் பதில், அத்தோடு முடிந்தது. கேட்டவரே மேலும் ஒரு துணைக்கேள்வி கேட்கலாம் என்று 1909இல் வந்தது. எந்த உறுப்பினரும் துணைக்கேள்வி கேட்கலாம் என்பது 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அந்த உரிமையைக் கொண்டு வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணறடித்தவர் நம் தீரர் சத்தியமூர்த்தி. 1935 முதல் டெல்லி மத்திய சட்டசபையில் அவர் துணைக்கேள்விக்கு எழுந்தாலே அரசுத் தரப்பு உறுப்பினர்கள் காகிதம் புரட்டுவார்கள் என்பார்கள்.

நான் புதுச்சேரியின் மீனவக் குப்பமான குருசுக்குப்பத்தில் பிறந்தவள். புதுச்சேரி அரசின் ஒரு துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நடுவில் பல ஆண்டுகள் அசெம்பிளிக் கேள்விகள் என் மேசைக்குத்தான் வரும். ஆகவே இந்த வழக்கத்தைப் பற்றி நான் பேசுவது பதில் எழுதிய பக்கத்திலிருந்து.

அசெம்பிளிக் கேள்வி என்று கோப்பின் மேல் எழுதியிருந்தால் மற்றக் கோப்பெல்லாம் ஓரம் போகும். மாதக்கணக்கில் யாரும் திறக்காத பதிவேட்டைத் திறப்பார்கள். காரைக்காலுக்கும் மாஹேக்கும் ஏனாமுக்கும் போன் பறக்கும். 'உங்கள் பிராந்தியத்தில் எத்தனை பேர், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், நிலுவை எவ்வளவு?' ஒரு மீனவர் மனுவோடு பத்து முறை படியேறினாலும் வராத எண் அன்றைக்கு மாலைக்குள் வந்துவிடும். காரணம் எளிது. அந்த எண் அமைச்சர் கையெழுத்தோடு அவை முன் வைக்கப்படுகிறது. தெரிந்தே தவறாகச் சொன்னால் உரிமை மீறல் பிரச்சினை வரும். நாளைக்கு யாராவது எடுத்துப் படித்துக் காட்டுவார்கள். எழுதியது எழுதியதுதான் என்ற பயம், மேடையில் எவ்வளவு திட்டினாலும் ஒரு துறைக்கு வராது.

உடுக்குறியிட்ட கேள்வி, உடுக்குறி இடாத கேள்வி என்று இரண்டு உண்டு. முதலாவதற்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், துணைக்கேள்வி எழும். அதற்காகத் தனிக் குறிப்பு தயாரித்துக் கொடுப்போம். அமைச்சரின் முகம், உறுப்பினரின் குரல், மறுநாள் பத்திரிகைச் செய்தி எல்லாம் இதில்தான். இரண்டாவதற்கு எழுத்தில் மட்டுமே பதில். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் இணைப்பாக அட்டவணை வரும், ஆண்டுவாரியாகத் தொகை வரும், ஊர்ப் பெயர் வரும். ஏழை எளியவர்களுக்கு அதிகம் பயன்பட்டது இந்த இரண்டாவது வகைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதுச்சேரிக்கு இந்த வழக்கம் இரண்டு வழியாக வந்தது. பிரிட்டிஷ் வழி மேலே சொன்னது. மற்றது பிரெஞ்சு வழி. பாரிஸ் பிரதிநிதிகள் சபையில் எழுத்துக் கேள்வி முறையை 1909இல் கொண்டுவந்தார்கள். உறுப்பினர் எழுதிக் கொடுப்பார், அமைச்சர் எழுதிப் பதில் தருவார், இரண்டையும் அரசு இதழில் அச்சிடுவார்கள். பிரெஞ்சு இந்தியாவுக்கு அந்தச் சபையில் ஓர் இடம், செனட்டில் ஓர் இடம். ஆக, விதிப்படி பார்த்தால் எங்கள் குப்பத்தின் குறையைப் பாரிஸில் கேட்டு அச்சில் ஏற்றியிருக்கலாம்.

நடந்தது வேறு. 1910 முதல் 1924 வரை எங்கள் பிரதிநிதியாக இருந்தவர் போல் புளூசேன், பாரிஸ் பத்திரிகையாளர். 1914 தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர்களில் ஒருவர், அரவிந்தரின் நண்பரான போல் ரிஷார். இங்கே வாக்குப் பெட்டியை ஆண்டவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நாடு சண்முக முதலியாரின் கை நீளாத தேர்தல் இல்லை. உள்ளூரில் 1879இல் மறுபடி அமைந்த கொன்சேய் ழெனெரால் என்ற பொதுச்சபையோ, ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், மற்றவர்களுக்குத் தனிப் பட்டியல் என்று பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பட்ஜெட்டைப் பார்க்கலாம், விருப்பத் தீர்மானம் போட்டு அனுப்பலாம், ஆனால் நிர்வாகம் கவர்னருடையது. வலை இழுக்கிறவனுக்கு வாக்கு இருந்தது. அவனுக்காகக் கேட்க ஆள் இல்லை.

1946இல் உள்ளூரில் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபை வந்தது. சரவணன் லம்பேர் பாரிஸ் தேசிய சபைக்குப் போனார். ஆலைத் தொழிலாளரின் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் மேலவைக்குப் போனார். மண்ணின் மக்களே அங்கு போய் உட்கார்ந்தார்கள். அதற்குள் பிரெஞ்சு ஆட்சிக்கே முடிவு நெருங்கிவிட்டது. 1954 அக்டோபர் 18 கீழூரில் 178 பேர் கூடி 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. யூனியன் பிரதேசங்கள் சட்டத்தின்படி 1963 ஜூலை 1 அன்று பிரதிநிதி சபை சட்டப்பேரவையாக மாறியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், மத்திய அரசு நியமிப்பது 3 பேர் வரை. பாரதி பூங்கா ஓரத்தில் விக்தோர் சிமோனேல் வீதியில் அந்தப் பேரவை. எங்கள் குப்பத்திலிருந்து கடற்கரையோரமாக நடந்தே போய்விடலாம்.

நடந்து போகிற தூரத்தில் இருந்தும் பல ஆண்டுகள் அந்தக் கதவு மூடிக் கிடந்தது. இதை இளையவர்கள் அறிய வேண்டும் என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

1974 மார்ச்சில் ராமசாமி தலைமையில் அமைந்த அ.தி.மு.க. அமைச்சரவை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மார்ச் 28 குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1977 ஜூலை வரை பேரவையே இல்லை. அதாவது மூன்று ஆண்டுக்கு மேல் புதுச்சேரியில் எந்தத் துறையையும் எழுத்தில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. சரியாக அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்து இந்தியா முழுவதும் பேசப்பட்ட லைசென்ஸ் ஊழல் வெளியே வந்தது. புதுச்சேரி, மாஹே வணிகர்கள் சிலருக்கு இறக்குமதி உரிமம் தரும்படி 21 எம்.பி.க்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குப் போயிருந்தது. அப்போது அமைச்சர் எல்.என். மிஸ்ரா. உரிமமும் கிடைத்தது. 1974இல் நாடாளுமன்றத்தில் விஷயம் எழுந்தபோது, கையெழுத்து எங்களுடையதல்ல என்று எம்.பி.க்கள் ஒவ்வொருவராக மறுத்தார்கள். பீகாரைச் சேர்ந்த எம்.பி. துல்மோகன் ராம் மீது சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. மது லிமாயி போன்ற எதிர்க்கட்சி எம்.பி.க்கள் விடவில்லை. சி.பி.ஐ. அறிக்கையை அவையில் வை என்று அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரே ஸ்தம்பித்தது. மொரார்ஜி தேசாய் அவைக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்வேன் என்றார். கடைசியில் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு ஆவணங்களைக் காட்டினார்கள்.

இதெல்லாம் டெல்லியில் நடந்தது. புதுச்சேரி கடைத்தெருவில் பிறந்த விவகாரத்தைக் கேட்க புதுச்சேரியில் ஓர் அவை இல்லை. அதன் பிறகும் 1978, 1983, 1991 என்று பேரவை கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆட்சி கவிழ்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலமைச்சர் யார் போனார், யார் வந்தார் என்று மட்டும் எழுதுகிறார்கள். பதில் வராமலே காலாவதியான கேள்விகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கேள்விக்கு இருக்கும் பலத்துக்கு இன்னொரு சாட்சி, நம்மவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பதவி. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957இல் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செப்டம்பரில் மக்களவையில் கேள்வி வந்தது. அன்று கிடைத்த பதில் விஷயத்தை முடிக்கவில்லை. டிசம்பர் 16 பெரோஸ் காந்தி அதை மறுபடி எடுத்தார். நீதிபதி சாக்ளா விசாரணை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. இதற்கு மாறாக, காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1951இல் முத்கல் என்ற எம்.பி., 2005இல் பதவி பறிக்கப்பட்ட 11 எம்.பி.க்கள். மதிப்பில்லாத பொருளை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி பதில் எழுதுகிற பக்கத்துக்கு வருகிறேன். துறைகள் பொய் எழுதுவது அபூர்வம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவதுதான் வழக்கம். 'மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் வழங்கப்படுகிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்று பதில். அந்த ஒரு சொல் முழு உண்மை, ஆனால் யாருக்கும் உதவாது. 'எத்தனை குடும்பம், எந்தக் கிராமம், எந்தத் தேதியில் வங்கியில் ஏறியது' என்று கேட்டிருந்தால் அட்டவணை கொடுத்தே தீர வேண்டும். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்பது இன்னொரு பதில். 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்பது மற்றொன்று. இப்படிக் கொடுத்த வாக்கை விடாமல் துரத்தவே மக்களவை 1953இல் அரசு உறுதிமொழிக் குழுவை அமைத்தது. எல்லாவற்றிலும் கொடியது 'எழவில்லை' என்ற பதில். (அ) பகுதிக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் (ஆ), (இ) எல்லாம் 'எழவில்லை' ஆகிவிடும்.

2020 செப்டம்பர் 14 அன்று அதை நாடே பார்த்தது. ஊரடங்கில் ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பத்துக்கு இழப்பீடு தந்தீர்களா என்று மக்களவையில் எழுத்துக் கேள்வி. அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பியதாக அரசிடம் கணக்கு இருந்தது. செத்தவர்களின் கணக்கு இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்திருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. மிஞ்சிய அந்த ஒன்றால்தான், கணக்கே வைக்கவில்லை என்ற உண்மையாவது அரசின் கையெழுத்தோடு பதிவில் ஏறியது.

நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரி, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் இருந்தது. உறுப்பினரின் கேள்வியும் குடிமகனின் மனுவும் ஒரே தட்டில் நின்ற வரி அது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. எனக்கு அது மிகுந்த வருத்தம். உறுப்பினர்களின் எழுத்துக் கேள்வி முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

எங்கள் கடலுக்கு வருகிறேன். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சுவர் அதைத் தடுத்தது. நகரத்துக் கடற்கரையில் மணல் போனது. கல் கொட்டினார்கள். கல் கொட்டக் கொட்ட அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல்லும் கூடவே நகர்ந்தது. நான் சிறுமியாக இருந்தபோது கட்டுமரம் ஏற்றவும் வலை காயப்போடவும் மாசி மகத்துக்குக் கூட்டம் நிற்கவும் இடம் இருந்த கரை இது.

இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்குப் புவி அறிவியல் அமைச்சகம் தந்த எழுத்துப் பதில்களை நான் ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்தேன். 1990 முதல் 2018 வரையிலான ஆய்வுப்படி, நாட்டின் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 42.7. புதுச்சேரியில் 56.2 விழுக்காடு, 41.66 கிலோமீட்டர் கரையில் 23.42 கிலோமீட்டர். இந்த எண்கள் ஒரு கேள்வியால் வெளியே வந்தவை. இன்னொரு பதிலில், மணல் சேர்வதற்காகக் கடலுக்குள் அமைத்த தடுப்பால், முப்பது ஆண்டாக இழந்திருந்த 1.5 கிலோமீட்டர் நகரக் கடற்கரை மீண்டும் கிடைத்தது என்று இருக்கிறது. உண்மைதான். தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் சேர்ந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் 1.5 கிலோமீட்டர் என்பது நகரக் கடற்கரையின் நீளம். நகரக் கடற்கரையைப் பற்றிக் கேட்டதற்கு நகரக் கடற்கரையைப் பற்றிய பதில். குப்பத்தின் பெயர் பதிலில் வர வேண்டுமானால் கேள்வியில் அது இருக்க வேண்டும்.

பதில் எழுதிப் பழகிய கையால் ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் சரி.

(அ) 1989 முதல் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் கரையில் கல் கொட்டிய நீளமும் செலவும், கிராமவாரியாக, ஆண்டுவாரியாக எவ்வளவு? (ஆ) கட்டுமரமும் படகும் ஏற்ற இடம் இழந்த மீனவக் குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டனவா, ஆமெனில் எந்தத் தேதியில், எத்தனை? (இ) தலைமைச் செயலகம் எதிரே மணல் சேர்ந்த பிறகு இந்த மூன்று கிராமங்களின் கரை அளக்கப்பட்டதா, அந்த அறிக்கை அவை முன் வைக்கப்படுமா? (ஈ) மேற்கண்ட எதற்கேனும் இல்லை என்பது பதிலெனில், ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன?

ஆண்டுவாரியாக என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஒரே மொத்தத் தொகை வரும், எந்த ஆட்சியில் எவ்வளவு என்று தெரியாது. தேதியைக் கேட்காவிட்டால் 'விரைவில்' என்று வரும். (ஈ) இல்லாமல் அனுப்பினால் மற்ற மூன்றுக்கும் 'இல்லை', 'எழவில்லை' என்று ஒரு வரியில் முடித்துக் கோப்பை மூடிவிடலாம். அப்படி மூடிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே (ஈ) பகுதியை மட்டும் சுருக்கத்துக்காகக்கூட நீக்கிவிடாதீர்கள் என்று, கேட்கப் போகும் உறுப்பினரிடம் கேட்டுக்கொள்கிறேன்.