படத்தில் கறுப்பாக நிற்கும் கூட்ஸ் பெட்டி உண்மையில் கறுப்புத்தானா?

வரலாற்றுக் கண்காட்சிக்காக எங்கள் பிள்ளைகள் பழைய கூட்ஸ் கோச்சி ஒன்றை மட்டையில் செய்கிறார்கள். சாமான் பெட்டிகளுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பழைய படங்களைப் பார்த்தவர்கள் கறுப்பு என்கிறார்கள். மற்றவர்கள் செங்கல் நிறம் என்கிறார்கள்.

படத்தை நம்பும் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். அந்தக் காலத்துக் கெமராத் தகடுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் பிடிபடாது. நீலம் வெள்ளையாக விழும், சிவப்பு கறுப்பாக விழும். சிவப்பையும் உணரும் பிலிம் பரவலானது 1920களுக்குப் பிறகுதான். ஆகவே 1900ஆம் ஆண்டுப் படத்தில் கறுப்பாக நிற்கும் பெட்டி, நேரில் செம்பழுப்பாக இருந்திருக்கலாம். நல்ல வெயிலில் எடுத்த படத்திலும் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நிறத்துக்கு அந்தப் படத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

இந்தச் சண்டை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் றெயில்வே தன் சாமான் பெட்டிகளைச் சிவப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாற்றியது எந்த வருடம் என்று மாடல் செய்பவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1904 என்பார் சிலர், அதற்கும் முந்தி என்பார் வேறு சிலர்.

றெயில்வேக்காரர்கள் செம்பழுப்பை விரும்பியதற்குக் காரணம் அழகு அல்ல. அது இரும்பு ஒக்சைட். எங்கள் உம்மும்மாமாரின் வீடுகளில் பொலிஷ் போட்டு மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறதே, அதற்குக் கலந்ததும் இதே தூள்தான். விலை குறைவு, வெயிலுக்கு வெளிறாது. ஆனால் அதைக் குழைத்த எண்ணெய் வெயிலில் கெட்டுவிடும். பிறகு நிலக்கரிப் புகை, பிரேக் தூசி. தெஹிவளையில் பாதை கடலோரமாகவே போவதால் உப்புக்காற்றும் சேரும். வேலைத்தளத்தை விட்டு வெளியே வந்த நாளின் நிறம் ஒன்று, ஐந்து வருடம் ஓடிய பின் நிறம் வேறொன்று.

அதனால் பிள்ளைகளிடம் முதலில் வருடத்தைக் கேட்டிருக்கிறேன். 1864இல் அம்பேபுஸ்ஸைக்கு முதல் கோச்சி ஓடியபோது எதிர்பார்த்த சுமை கோப்பி. பாணந்துறை வரை எங்கள் கரையோரப் பாதை திறந்தது 1877இல். பிறகு கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. பிரதான பாதைகளில் ஓடும் பெரிய டீசல் எஞ்சின்கள் வந்தது 1953இல். எஞ்சின் ஒரு காலத்தையும் பெட்டி இன்னொரு காலத்தையும் சொன்னால் மாடல் பொய் சொல்லும்.

இன்னொன்று, டின்னில் உள்ள நிறத்தை அப்படியே அடித்தால் சின்னப் பெட்டி மிக இருண்டு தெரியும். தூரத்தில் நிற்கும் பெரிய பெட்டி கண்ணுக்குக் கொஞ்சம் வெளிறித்தானே தெரிகிறது? ஒரு துளி வெள்ளையோ சாம்பலோ கலக்க வேண்டும்.

கடுகண்ணாவை றெயில்வே அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். கட்டாயம் போகத்தான் வேண்டும். ஆனால் காட்சிக்கு வைத்த வண்டியில் மேலே தெரிவது பிற்காலப் பெயின்ட். கீழே உள்ள படைகளைச் சுரண்டிப் பார்க்க எங்களை விடமாட்டார்கள்!

அதைவிட நல்ல சாட்சி எங்கள் தெருக்களிலேயே இருக்கிறது. இரத்மலானை வேலைத்தளத்தில் வேலை செய்து பென்சன் எடுத்த நானாமார், மாமாமார் இன்னும் இருக்கிறார்கள். எந்த வருடம், எந்த வகைப் பெட்டி, அடியில் என்ன பூசினார்கள், மேலே என்ன, எழுத்து வெள்ளையா மஞ்சளா என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதை இதுவரை யாரும் எழுதி வைத்ததாக நான் காணவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கொப்பியோடு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறேன். பெயின்ட் வாங்குவது அதற்குப் பிறகுதான்.