நாடி கிடைக்காத நோய் - ஒரு சின்ன வரலாறு

கையைப் பிடித்து நாடி பார்ப்பதுதான் நம்மூர் வைத்தியத்தில் முதல் வேலை. ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை என்பது பழைய வழக்கம். ஆனால், நன்றாக நடமாடிக் கொண்டிருக்கும் ஒரு இளம் பெண்ணின் கையில் நாடியே கிடைக்கவில்லை என்றால்?

அப்படியும் ஒரு நோய் உண்டு. பெயர் டகயாசு. பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகிவிடும். பெரும்பாலும் 40 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கே அதிகம் வரும்.

1908ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, ஒரு இளம் பெண்ணின் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் மாலை போலச் சுற்றியிருந்ததை ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர், இதே போன்ற தங்கள் நோயாளிகளுக்குக் கையில் நாடி இல்லை என்றார்கள். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் ரத்தம் போவது ஒரே பெருந்தமனியின் கிளைகள் வழியாகத்தான்! 1951ல் ஷிமிசுவும் சானோவும் இதை 'நாடியற்ற நோய்' என்றே அழைத்தார்கள்.

இந்தியாவில் அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். 1963ல் பம்பாய் அறுவை மருத்துவர் பி.கே. சென்னும் அவர் குழுவினரும் பெருந்தமனியின் நடுப்பகுதி குறுகுவதைப் பற்றி எழுதினார்கள். இங்கே வயிற்றுத் தமனியும் சிறுநீரகத் தமனியும் பாதிக்கப்படுவது அதிகம். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் ரத்த அழுத்தம் ஏறும். எனவே கையில் நாடி சரியாக இருந்தும், 20 வயதுப் பெண் தலைவலியோடும் பிரஷரோடும் வந்து நிற்பாள். ஆரம்பத்தில் காய்ச்சல், எடை குறைவு, அசதி மட்டுமே இருந்தால் காசநோய் என்றுகூடத் தோன்றும்.

திருப்பத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர் சி.எம்.சி. 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது. இன்று டகயாசு ஆராய்ச்சியில் உலகம் அறிந்த இடம். அப்போது அங்கிருந்த மருத்துவர் தேபாஷிஷ் தண்டா உட்பட இந்திய மருத்துவர்கள் பலர் சேர்ந்து, நோயின் வேகத்தை அளக்கும் ஒரு மதிப்பெண் முறையை 2013ல் வெளியிட்டார்கள். நோயாளியைத் தொட்டு, கேட்டு, பிரஷர் பார்த்துத் தெரிந்து கொள்பவைதான் அதில் முக்கியம்.

ஜவ்வாது மலையிலிருந்து வேலூர் போவது ஒரு நாள் கூலியை விடுவது. ஆகவே முதலில் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சந்தேகம் வந்தாக வேண்டும். இளவயதில் பிரஷர் என்றால் இரண்டு கையிலும், காலிலும் அளந்து பார்க்கலாம். கைகளுக்கிடையே மேல் எண்ணில் 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது ஒரு துப்பு. அழற்சியை மருந்தால் அடக்கலாம், ஆனால் ஒருமுறை குறுகிய குழாய் பெரும்பாலும் பழையபடி விரிவதில்லை.