தகரத் துண்டிலிருந்து முகாம் அட்டை வரை

திருச்செந்தூர்க் கரையில் நின்று பார்த்தால் கடல் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். முத்துக் குளித்த கதை, சூரனை வதைத்த கதை, கப்பலோட்டிய தமிழன் கதை என்று இந்தக் கடலைப் பற்றி எழுதியது ஏராளம். கூலிக்குக் கடல் தாண்டிய சனத்தின் கதையோ, "அவன் சிலோனுக்குப் போயிட்டாம்லா" என்று சேரிக் கிழவிகள் சொன்ன ஒற்றை வரியோடு நின்றுபோனது.

போனவர்கள் யார்? திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் சீமைகளின் பள்ளர், பறையர், சக்கிலியர்தான் அதில் பெரும்பகுதி. 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை கோயிலுக்குள் விடப்படாத சனம் இது. பஞ்சமும் பண்ணைக் கடனும் ஒரு பக்கம் விரட்ட, கங்காணியின் முன்பணம் மறுபக்கம் இழுத்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கும்வரை போட் மெயில் தூத்துக்குடியில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். பக்கத்தில் தட்டப்பாறையில் கூலிகளை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைக்கும் முகாம் இருந்தது. ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுப்பார்கள். அதில் தோட்டத்தின் எண்தான் இருக்கும். ஊர் பேர் எதற்கு, கூலிதானே!

காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள், பிறகு தேயிலை போட்டார்கள். 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அந்த ஆண்டே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் ஏறக்குறைய 7 லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. 'கள்ளத்தோணி' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறவன்கூட ஒரு தடவை மந்தையைப் பார்ப்பான். இவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். மண்டபம் முகாமில் இறக்கி, நீலகிரித் தேயிலைக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவனுக்கு இங்கே 'சிலோன்காரன்' என்று பெயர். 1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் அங்கேயே சிக்கியவர்கள் உண்டு. 1977 கலவரத்தில் மலையை விட்டு ஓடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிசை போட்டவர்களும் உண்டு. 1983க்குப் பிறகு இவர்களில் பலர் படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். பாட்டன் போன அதே கடலில் பேரன் அகதியாக வந்தான்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் நுழைந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்றது. குண்டுக்குப் பயந்து ஓடிவருகிறவன் விசா எடுத்துக்கொண்டா வருவான்? 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடி. அதற்குப் பிறகு பிறந்த தங்கச்சி முகாம் அட்டையோடு நிற்கிறாள். ஒரே குடிசை, ஒரே தாய். 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு முகாமின் மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில், அவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அந்த டிசம்பரில் வந்த திருத்தச் சட்டமோ மூன்று நாடுகளைப் பட்டியலிட்டது. அதில் இலங்கை இல்லை.

2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் நம் மாவட்டத்துத் தாப்பாத்தி முகாமிலும் மற்ற முகாம்களிலும் பெயர்ப்பலகை மாறியதால் எவருக்கும் குடியுரிமை வந்துவிடவில்லை. குடியுரிமை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. சாதி மட்டும் கூடவே படகேறி வந்திருக்கிறது, அதற்கு எந்த விசாவும் தேவைப்படவில்லை.

தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறோம். அந்தக் கொடி எந்தச் சேரியில் அறுந்தது என்று கேட்பதில்லை. மலையக அகதியின் விண்ணப்பத்தை அந்நியனின் மனுவாக அரசு பார்க்கலாம். நாமும் அப்படிப் பார்த்தால் எப்படி? நம் தெருவிலிருந்து போனவனின் பேரன் அவன். ஊருக்குத் திரும்பி வந்தவனை வாசலில் நிறுத்தி, "நீ யாருலே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.