நனைந்த பிரைமரும் நம்பகமும்: வெள்ளத்தில் மூழ்கிய தோட்டாப் பொருள்கள் குறித்து

2017 ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் டெக்சஸ் கரையைக் கடந்து, சில நாட்கள் அப்பகுதியை விட்டு அகலாமல் நின்று பெய்தது. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. ஹூஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் வெள்ளம் புகுந்தது. தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்கா. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, குண்டை அழுத்திச் செருகினால் தோட்டா மறுபடி தயார். இதற்கான பொருள்களைப் பலர் கார் கொட்டகையிலோ வீட்டின் கீழறையிலோ அடுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளம் முதலில் நுழையும் இடமும் அதுதான். தண்ணீர் வடிந்தபின் சேறு படிந்த பெட்டிகளைத் திறப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றே: காயவைத்துப் பயன்படுத்தலாமா?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. 1926 முதல் இயங்கும் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகம், நீரில் மூழ்கிய தோட்டாக்களையும் அவற்றின் உறுப்புகளையும் பயன்படுத்தக் கூடாது, சேதமான தோட்டாவைப் பிரித்து உறுப்புகளை மீட்கவும் முயலக் கூடாது என்கிறது. அனுபவசாலிகள் பலர் இதை விற்பனையாளரின் அச்சுறுத்தல் என்று ஒதுக்குகிறார்கள். நனைந்த பிரைமர்களை உலர்த்திச் சுட்டோம், எல்லாம் வெடித்தன என்பது அவர்கள் சாட்சியம். அந்தச் சாட்சியத்தைப் பொய்யென்று தள்ள நான் தயாரில்லை. வேதியியலும் அதற்கு ஒத்துழைக்கிறது. என் வாதம் வேறு இடத்தில் தொடங்குகிறது. நீர் இப்பொருள்களை முழுதாகக் கொல்வதில்லை, ஆபத்து பிறப்பது அதனால்தான். மேலும், கூடு, குண்டு, மருந்து, பிரைமர் ஆகிய நான்கையும் ஒரே தீர்ப்புக்குள் அடைப்பது தவறு. முதல் இரண்டையும் கண்ணால் பார்த்துத் தேர முடியும். பின் இரண்டையும் அழிக்காமல் சோதிக்கவே முடியாது.

பிரைமரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சர்ச்சையில் பெரும்பகுதி அதைப் பற்றியது. இன்றைய வழக்கமான பிரைமர் என்பது சிறு உலோகக் கிண்ணம். அதன் அடியில் சில பத்து மில்லிகிராம் கலவை, அதன் மேல் ஒரு பட்டடைக்கல் போன்ற உலோகத் துண்டு. துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது கலவை இரண்டுக்கும் இடையே நசுங்கித் தீப்பற்றுகிறது. கலவையில் தீயைத் தொடங்குவது ஈய ஸ்டிஃப்னேட். அதை உணர்திறன் மிக்கதாக்க டெட்ரசீன், எரிபொருளாக ஆன்டிமனி சல்ஃபைடு, எரிவதற்கு ஆக்சிஜன் தர பேரியம் நைட்ரேட் சேர்க்கப்படுகின்றன. உலர்ந்த நிலையில் இக்கலவை உராய்வுக்கும் நிலைமின்சாரத்துக்கும் பற்றிக்கொள்ளும். அதனால் ஆலைகளில் இதை ஈரமாகவே கையாண்டு, ஈரமாகவே கிண்ணங்களில் இட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். ஈரத்தில் உறங்குவதும் உலர்ந்ததும் விழிப்பதும் பிரைமரின் பிறவிக் குணம். காயவைத்த பிரைமர் வெடித்தது என்று சொல்பவர் இதைத்தான் கண்டிருக்கிறார்.

ஆனால் ஆலையின் ஈரமும் வெள்ளத்தின் ஈரமும் ஒன்றல்ல. ஆலையில் அளந்து சேர்த்த நீர் கலவைக்குள்ளிருந்து ஆவியாகவே வெளியேறுகிறது, எதையும் தன்னோடு கொண்டுபோவதில்லை. வெள்ளநீரோ பெட்டிக்குள் நுழைந்து, மணிக்கணக்கில் தங்கி, பிறகு வழிந்து ஓடுகிறது. ஈய ஸ்டிஃப்னேட் நீரில் அநேகமாகக் கரையாது. 100 மில்லிலிட்டரில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குகூடக் கரைவதில்லை. பேரியம் நைட்ரேட்டோ 20 டிகிரி செல்சியஸில் அதே அளவு நீரில் 9 கிராம் வரை கரையும். எனவே நீர் வடியும்போது தீயைத் தொடங்கும் பொருள் தங்கிவிடுகிறது, தீயை வளர்க்கும் பொருளில் ஒரு பகுதி போய்விடுகிறது. எவ்வளவு போனது என்பது கிண்ணத்தின் மேலுள்ள அரக்குப்பூச்சு, மூடியிருக்கும் தாள், பெட்டியில் அந்தப் பிரைமர் இருந்த இடம், நீர் தங்கிய நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே தட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பிரைமர்கள் இரண்டு விதமாகக் கெட்டிருக்கலாம். நனைந்து ஊறி உலர்ந்த கலவை விரிசல் விட்டுக் கிண்ணத்திலிருந்து பெயரவும் கூடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே பளபளக்கும்.

தீபாவளி மழையில் நமத்துப்போன பட்டாசை வெயிலில் காயவைத்துக் கொளுத்துபவருக்கு இரண்டு முடிவுகள்தான் தெரியும்: வெடிக்கும், இல்லாவிட்டால் புஸ்ஸென்று போகும். இரண்டாலும் பெரிய கெடுதல் இல்லை. துப்பாக்கியில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே முற்றிலும் செத்த பிரைமர் பாதுகாப்பானது. ‘டிக்’ என்ற ஓசையோடு விஷயம் முடிகிறது. முழு உயிரோடு இருப்பதாலும் கேடில்லை. பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளைக் காயப்படுத்துகிறது. வலுவிழந்த சுடர் மருந்தைச் சரியாகப் பற்றவைக்காவிட்டால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். கைத்துப்பாக்கியில், மருந்தே இல்லாமல் பிரைமரின் வேகம் மட்டுமே குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிக் குழலுக்குள் செருகிவிடப் போதுமானது. ஓசை சற்று மந்தமாக இருந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் குண்டின்மேல் இரண்டாவது மோதும். குழல் வீங்கும் அல்லது பிளக்கும். விரல்களும் கண்களும் போவது அப்போதுதான். பக்கத்துத் தடத்தில் நிற்பவரும் அதற்குத் தப்பமாட்டார். இன்னொரு வகை, தாமதமாகப் பற்றுவது. ஊசி அடித்துச் சிறிது பொழுது கழித்து மருந்து பற்றும். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதற்காகவே.

நூற்றில் ஒரு பங்கைச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை நம்பலாமே என்பது அடுத்த வாதம். இதைக் கணக்கில் இட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பிரைமர்கள் கொண்ட ஒரு கட்டு, நூறு நூறாகப் பத்துத் தட்டுகள். அவற்றிலிருந்து கலந்து பொறுக்கிய நூறு பிரைமர்களை, அதாவது பத்தில் ஒரு பங்கையே சோதித்து, நூறும் நன்றாக வெடித்தன என்று வைத்துக்கொள்வோம். கட்டில் 28 பிரைமர்கள் பழுதாக இருந்தாலும், அவற்றில் ஒன்றுகூட அந்த நூறில் அகப்படாமல் போவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எண்ணியலார் வழக்கமாக ஏற்கும் 95 விழுக்காட்டு உறுதியோடு பேசினால், நூற்றுக்கு நூறு தேறிய சோதனைக்குப் பிறகும் மிஞ்சிய தொள்ளாயிரத்தில் இருபதுக்கு மேற்பட்டவை கெட்டிருக்கக்கூடும் என்பதை மறுக்க வழியில்லை. இதுவும் எல்லாத் தட்டுகளிலிருந்தும் கலந்து பொறுக்கியதாகக் கொண்ட கணக்கு. நீரோ எங்கும் சீராகப் பரவுவதில்லை. மூலையில் தேங்கும், கீழ்த்தட்டில் ஊறும், மேல்தட்டைத் தொடாமலும் விடும். மேல்தட்டை எடுத்துச் சோதித்தவர் நல்ல பிரைமர்களைச் சோதித்துவிட்டுக் கெட்டவற்றுக்குச் சான்றிதழ் தருகிறார். எல்லாவற்றையும் சோதிக்கலாம் என்றால், சோதனை முடியும்போது பிரைமரே மிஞ்சாது.

மருந்தின் நிலை இன்னும் நுட்பமானது. 1884இல் பிரெஞ்சு வேதியியலர் பால் வியேல் உருவாக்கியதிலிருந்து புகையற்ற மருந்தின் உடல் நைட்ரோசெல்லுலோஸ்தான். அது நீரில் கரையாது. உலர்ந்தால் ஆபத்தானது என்பதால் ஆலைகளுக்கு இடையே அதை ஈரத்தோடுதான் அனுப்புகிறார்கள். உருண்டை வடிவ மருந்துகளை நீருக்குள்ளேயே உருவாக்கும் முறையும் உண்டு. ஆகவே நனைந்த மருந்தைக் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்துத் திறந்தவெளியில் கொளுத்தினால் அது சுறுசுறுப்பாக எரியவும் செய்யும். அந்தச் சுடர் எதையும் நிரூபிப்பதில்லை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு உற்பத்தியாளர் கழகம் வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது என்பதே கேள்வி, எரிகிறதா என்பது கேள்வியே இல்லை. அந்த வேகத்தைத் தீர்மானிப்பவை பருக்கையின் வடிவமும், எரிதலை மட்டுப்படுத்த அதன் மேற்பரப்பில் ஏற்றிய டைபியூட்டைல் தாலேட் போன்ற பூச்சும், உள்ளே இருக்கவேண்டிய சிறிதளவு ஈரமும். குழல்வாயில் எழும் சுடரை அடக்கச் சேர்க்கும் பொட்டாசிய உப்புகளோ நீரில் எளிதாகக் கரைபவை.

ஈரம் மிஞ்சினால் மருந்து மெதுவாக எரியும். அதிகமாகக் காய்ந்துவிட்டால் வழக்கத்தைவிட வேகமாக எரிந்து அழுத்தம் கூடும். பெட்ரோலும் பூச்சிமருந்தும் சாக்கடையும் கலந்தோடும் நகர வெள்ளத்தில் மேற்பூச்சு பாதிக்கப்பட்டிருந்தால் விலகல் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது. மறுநிரப்பல் கையேடுகளின் ஒவ்வொரு எடைக்கணக்கும், டப்பாவில் இருப்பது ஆலையிலிருந்து புறப்பட்ட அதே மருந்து என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மருந்து மாறிவிட்ட பிறகு அந்த அட்டவணைகளைப் பார்ப்பது வேறொருவரின் மருந்துச்சீட்டைக் கொண்டு வைத்தியம் செய்துகொள்வதாகும். அளவைக் குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்பாரும் உண்டு. குறைந்த அளவும் வலுவிழந்த பிரைமரும் சேர்ந்தால், முன்பு சொன்ன சிக்கிய குண்டுக்குத்தான் வழி திறக்கும்.

சேமிப்பு இன்னொரு கவலை. நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள். சிதைவில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மேலும் சிதைவைத் தூண்டும். 1860களில் பிரித்தானிய வேதியியலர் ஃபிரடெரிக் ஏபெல் வெடிபஞ்சு எனப்பட்ட நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக அரைத்து அமிலம் போகக் கழுவும் முறையைக் கண்ட பிறகே அது ஓரளவு அடங்கியது. ஆனாலும் 1907 மார்ச்சில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் இயேனா போர்க்கப்பலும், 1911 செப்டம்பரில் அதே துறைமுகத்தில் லிபெர்த்தேயும் வெடித்துச் சிதறின. கெட்டுப்போன மருந்தே காரணம் என்ற முடிவு நிலைத்தது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தச் சிதைவைத் தடுக்கத்தான் இன்றைய மருந்துகளில் டைபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். படைக்கிடங்குகளில் அது எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று ஆய்வகத்தில் காலந்தோறும் அளக்கிறார்கள். நீலகிரி அரவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் என்ற புகையற்ற மருந்தைச் செய்துவந்த ஆலைக்கும் இந்த அளவீடு அன்றாட வேலைகளில் ஒன்று. வீட்டில் நிரப்புபவரிடம் இருப்பது மூக்கும் கண்ணும் மட்டுமே. புளிப்பு நெடியும் செம்பழுப்புத் தூளும் தெரியும்போது சிதைவு வெகுதூரம் போயிருக்கும். மணமும் நிறமும் சரியாக இருப்பதாலேயே நல்ல மருந்து என்று முடிவுகட்ட இயலாது.

மூடி திறக்காத, உள்ளே ஒரு துளியும் புகாத டப்பாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மழைக்காலக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஆளான பெட்டியும் நீரில் மூழ்கிய பெட்டியும் வேறுவேறு. அனுபவசாலிகளின் நல்ல சாட்சியங்களில் பல முதல் வகையைச் சேர்ந்தவை என்றே எனக்குப் படுகிறது.

கருமருந்தை இன்றும் கெட்டிப்பவர்கள் இருப்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது அதன் பழைய விகிதம். வெடியுப்பு 20 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீரில் 30 கிராமுக்கு மேல் கரையும். நனைந்து காய்ந்த கருமருந்தில் உப்பு இடம்பெயர்ந்து தனிப் படிகங்களாகி நிற்கும், மூன்றும் அரைபட்டு ஒன்றியிருந்த நெருக்கம் மீளாது. பிரித்தானிய அரசு 1787இல் வாங்கிய வால்தம் ஆபி ஆலையின் காலத்திலேயே, பயனற்றுப்போன மருந்தை உலர்த்திக் கொடுக்காமல் அதிலிருந்து வெடியுப்பைப் பிரித்தெடுத்து மறுபடி மருந்து செய்யும் வழி கைக்கொள்ளப்பட்டது. நிபுணர்களே உலர்த்தலை நம்பவில்லை.

இனிப் பித்தளைக் கூடு. இங்கே நான் உற்பத்தியாளர்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. பிரைமரும் மருந்தும் இல்லாத வெறுங்கூட்டை வெள்ளம் தொட்டதற்காகவே எறிய வேண்டியதில்லை. கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் எதைத் தேடிப் பார்ப்பது என்பதை இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி கற்றுத்தருகிறது. பிரித்தானிய இந்தியப் படையில், மழைக்காலம் முடியும்வரை குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் கண்டன. யாரும் அவற்றைச் சுடவில்லை, யாரும் நெரிக்கவில்லை. பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ விரிசல் என்றே அழைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட உள்ளிறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருந்தது. நீர் மட்டும் அதைச் செய்திருக்காது. சாக்கடை கலந்த வெள்ளத்திலும் அம்மோனியா உண்டு. கூடுகளைப் பளபளப்பாக்க வீட்டில் எடுக்கும் பித்தளைத் துடைப்பான்கள் சிலவற்றிலும் உண்டு. வெள்ளம் செய்யாத கெடுதலைத் துடைப்பானே செய்துவிடலாம். அம்மோனியா இல்லாத சோப்பு நீரே போதும். கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் தெரியும் கூட்டை நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடலாம். ஈயக் குண்டும் செம்புறை போர்த்திய குண்டும் கழுவித் துடைத்தால் பழையபடி ஆகிவிடும்.

நனைந்த பிரைமரை எறிய மனம் வராததன் காரணத்தை நான் புரிந்துகொள்கிறேன். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பிரைமர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கிடைத்தவற்றின் விலையும் பல மடங்கு ஏறியது. அத்தகைய காலத்தில் ஆயிரம் பிரைமர் என்பது சிறு செல்வம். வீட்டையே இழந்து நிற்பவரிடம் இதையும் விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கிச் சுடும் போட்டி நாளில் பக்கத்தில் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிக்கனத்தில் பங்கில்லை, ஆபத்தில் மட்டும் பங்குண்டு.

ஒதுக்கிய பிரைமரை என்ன செய்வது என்பதிலும் முதலில் சொன்ன வேதியியலே வழிகாட்டுகிறது. ஈரமாக இருக்கும்வரை அது ஓரளவு அடங்கியிருக்கும். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைப்பதுதான் அதை மறுபடி கூர்மையாக்குகிறது, பெயர்ந்து உதிர்ந்த தூளோடு சேர்த்து. குப்பையில் போட்டால் உலர்ந்து, குப்பை வண்டியின் அழுத்தியில் நசுங்கும். ஆகவே காயவைக்காமல், நல்ல பிரைமர்களோடு கலக்காமல், நனைந்தது என்று எழுதி ஒட்டி, உள்ளூர்க் காவல்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைத்து ஒப்படைக்க வேண்டும். நனைந்த மருந்தையும் அதே கையோடு கொடுத்துவிடலாம்.