பரி வந்த துறை

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து பூமீசுவரர் திருக்கோயிலை வழிபட்டு மீளுங்கால், உடன்வந்த அன்பரொருவர், “தமிழ்நாட்டுக்கே உரிய குதிரையினம் யாது?” என எம்மை வினவினர். அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

மார்வாரி, காத்தியவாரி என மேலைநாட்டில் வழிவழி வளர்ந்த இனங்கள் உள. தமிழகத்துக்கு அத்தகையதொன்று அமைந்திலது. இங்குக் குதிரை கடல்வழி வந்த செல்வமேயாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையுள் காவிரிப்பூம்பட்டினத்துப் பொருட்குவையைக் கூறுமிடத்து, நீர்வழி வந்த புரவியையே முதற்கண் வைத்தார். பெரும்பாணாற்றுப்படையுள் தொண்டைநாட்டு நீர்ப்பெயற்றுத் துறையிலும் குதிரை கொணரும் நாவாய்களைக் காட்டினார். மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலர் கொள்கை. அப்பாட்டு அங்குக் குதிரை இறங்கிற்றென்று கூறவில்லை. ஆயினும் அலை ஒதுக்கிய மணமரத்துக்குத் துயிலும் ஒட்டகத்தை உவமை கூறுகின்றது. பாலைநில விலங்கினை நெய்தற்கரையில் நினைந்த புலவர் உள்ளம் நோக்கத்தக்கது.

இனம் ஏன் இங்கு வேரூன்றவில்லை? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ காரணம் கூறுகின்றார். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளினின்று ஆண்டுதோறும் வந்த குதிரைகளுள் பெரும்பாலன, பேணும் முறை அறிவாரின்மையின் மடிந்தனவாம். சோற்றொடு இறைச்சியும் சமைத்து அவற்றுக்கு ஊட்டினராம். நல்ல குதிரைகளுக்குப் பிறந்த குட்டியும் கால் கோணி ஏறுதற்கு உதவாதாயிற்றாம். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்படிக்கை இருந்ததென்பர் பாரசீக ஆசிரியர் வசாபு. சோழர் கல்வெட்டுக்களும் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைக் குறிக்கின்றன.

இனி, நரி பரியாயிற்று என்பதுபற்றி மணிவாசகப் பெருமான் வரலாறு முழுதும் புனைவென்பார் உளர். அமைச்சர் அரசன் பொருளொடு குதிரை கொள்ளச் சென்றதும், இறைவன் வேற்றுநாட்டுக் குதிரை வணிகனாய் வந்ததும் நாட்டு வழக்கொடு முற்றும் பொருந்துவனவாம். இப்பொருத்தம் அடிகள் காலத்தை நிறுவாது. திருவிளையாடலோ அன்பினால் உணரற்பாலது. எனினும் அவ்வரலாறு நிகழ்ந்த களம் புனைவன்று என்பது எம் துணிபு.

குருதிவழியால் தமிழர்க்குக் குதிரை உரிமை இல்லை. பாட்டானும் வழிபாட்டானும் உண்டு. கடல் தந்த பரி மடிந்தொழிந்தது. ஊர்ப்புறத்து ஐயனார் திருமுன், நம் குயவர் கைம்மண்ணால் ஆக்கிய பரி இன்றும் நிற்கின்றது.

சிவம்.