இரும்பு ஏன் அதிர்ந்தது?

பெங்களூருக்கு வந்த புதிதில் கன்னட எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த காலம். தேநீர்க் கடையில் கிடந்த நாளிதழில் பல்லாரி குறித்த செய்தி ஒன்று. தலைப்பில் ‘கப்பிணத அதிரு’ என்றிருந்தது. கப்பிண என்றால் இரும்பு என்பதை அறிவேன். அதிரு? தமிழறிந்த எவரும் செய்யக்கூடியதையே நானும் செய்தேன். ‘இரும்பின் அதிர்வு’ என்று கொண்டு, சுரங்க விபத்தா என்று அருகிலிருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அதிரு என்றால் கனிமத் தாது. பல்லாரிப் பக்கமிருந்து லாரி லாரியாகப் போகிறதே, அதுதான்.

நம்முடைய ‘அதிர்’ கன்னடத்தில் இல்லாமற் போகவில்லை. கண்ணிமை துடித்தால் ‘கண்ணு அதுருத்தெ’ என்பர். தாதுவைக் குறிக்கும் சொல்லோ வேறு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிட வேர்ச்சொல் அகராதி, அதனைத் தமிழின் ‘அயில்’, மலையாளத்தின் ‘அயிர்’ ஆகியவற்றோடு ஒரே பதிவில் வைக்கிறது. முருகனின் அயில்வேலைப் பாடுவோர்க்கு அயில் என்பது கூர்மை; ஆனால் இரும்பு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மலையாளிகள் இன்றும் இரும்புத் தாதுவை ‘இரும்பயிர்’ என்றே சொல்கிறார்கள். ஆக, கன்னடத்தில் நடுங்குவதும் தாதுவும் இரு வேறு குடும்பத்துச் சொற்கள். ஒலியளவில் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கின்றன, அவ்வளவே.

ஆங்கிலத்தின் ‘ஷிவர்’ இதற்கு நல்ல இணை. குளிரில் உடல் நடுங்குவதும் ஷிவர். கண்ணாடி சில்லுசில்லாக நொறுங்குவதும் ஷிவர். முதலாவது, இடைக்கால ஆங்கிலத்தில் ‘சிவெரென்’ என்று சகர ஒலியுடன் வழங்கியது. தாடையைக் குறித்த பழஞ்சொல்லொன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். பல் தந்தியடிக்கிறது என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அந்தக் காட்சி. இரண்டாவது, சில்லு அல்லது சிம்பு எனப் பொருள்படும் பெயர்ச்சொல். பலகைக்கல்லைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான ‘ஷீஃபர்’ அதன் உறவு. அந்தக் கல் தகடு தகடாகப் பிளப்பது என்பதை நினைத்தால் உறவு விளங்கும். நடுக்கத்தைக் குறித்த சொல்லின் முதல் ஒலி பின்னாளில் ஷகரமாக மாறியதும் இரண்டும் ஒன்றுபோலாகிவிட்டன. கடற்கொள்ளையர் கதைகளில் வரும் ‘ஷிவர் மை டிம்பர்ஸ்’ என்ற வசைமொழியில் கப்பல் குளிரில் நடுங்கவில்லை. அதன் மரங்கள் சிதறுகின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், குயவன் கலம் நொறுங்கி ஆவதும் இந்த இரண்டாம் ஷிவர்தான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லும் நான், முதுகலை படிக்கையில் நேர் எதிராக எழுதினேன். நடுங்குதல் என்ற பொருள் வளர்ந்து நொறுங்குதல் ஆயிற்று, அதிர்வு மிகுந்தால் உடைவது இயல்புதானே என்று, ஷிவரைச் சான்றாகக் காட்டி ஒரு பருவக் கட்டுரை. தமிழிலிருந்து ‘உதறு’, ‘உதிர்’ இணையையும் துணைக்கு அழைத்திருந்தேன். அழகான வாதம் என்றே நம்பினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: ‘இரண்டு பதிவுகளையும் பார்த்தாயா?’ கைப்பேசி அகராதியில் எல்லாப் பொருளும் ஒரே பட்டியலாக இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் அவை தனித்தனித் தலைச்சொற்கள். நூலகத்துக்குப் பத்து நிமிடம் நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொருள் பொருந்துவது எப்போதும் எளிது. பொருந்த வேண்டியது ஒலி, அதுவும் ஒரு சொல்லில் மட்டுமன்று. தமிழ் ‘நடுங்கு’ கன்னடத்தில் மெல்லினம் இழந்து ‘நடுகு’ ஆகிறது. ‘அடங்கு’ அங்கே ‘அடகு’. ‘உறங்கு’ அங்கே சாய்தல், படுத்தல் என்ற பொருளில் ‘ஒரகு’. இப்படி வரிசையாக வரும்போதுதான் உறவு என்று சொல்ல முடிகிறது. சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816இல், கேம்ப்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அருகருகே நிறுத்தினார். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பு. 1894இல் மங்களூரில் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியில் கிட்டெல் தமிழையும் தெலுங்கையும் ஒப்பிட்டபடியே நகர்ந்தார். எம்.ஜி. சாலையில் அவருக்குச் சிலை வைத்த ஊர் இது. அடியில் நின்று படமெடுப்போரைவிட அகராதியைப் புரட்டுவோர் குறைவு.

‘சிலிர்’ என்ற தமிழ்ச் சொல்லே ‘ஷிவர்’ ஆயிற்று என்று நாளை யாரேனும் பதிவிடலாம். ஆயிரம் பேர் பகிரவும் கூடும். அவர்களிடம் நான் கேட்பது என்னிடம் கேட்கப்பட்டதுதான்: எந்த ஷிவர்? லகரம் வகரமான வேறு நான்கு சொற்கள் உண்டா?

உதறு, உதிர் இணையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் ஒன்றில் வல்லின றகரம், மற்றதில் இடையின ரகரம். பழங்கன்னடமும் ‘ஒதறு’, ‘உதிர்’ என்று இரண்டையும் வேறாகவே எழுதியது. பின்னர் கன்னடம் அந்த றகரத்தை இழந்தது. நம் ‘அரை’யும், பாறை என்னும் பொருளில் நம் ‘அறை’யும் அங்கே ‘அரெ’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன. தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது. எனவே என் குறிப்பேட்டில் உதறும் உதிரும் இப்போதைக்கு இரண்டு பக்கங்களில்.