தளபதியை நீக்கிய இரண்டு கூட்டணிகள்

1998 டிசம்பர் 30. கொச்சியில் தெற்குக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை வகித்த வைஸ் அட்மிரல் சுஷில் குமார் சத்தமில்லாமல் விமானத்தில் தில்லிக்கு வரவழைக்கப்பட்டார். அன்றே அட்மிரல் விஷ்ணு பகவத் பதவி இழந்தார். கடற்படையின் தலைமை சுஷில் குமாரிடம் வந்தது. சுதந்திர இந்தியாவில் பணியில் இருக்கும் முப்படைத் தளபதிகளில் ஒருவரை அரசு நீக்கியது அதுவே முதல் முறை.

2009 மே 3, காத்மாண்டு. மாவோயிஸ்ட் பிரதமர் பிரசண்டாவின் அமைச்சரவை தரைப்படைத் தலைமைத் தளபதி ருக்மாங்கத கட்டவாலை நீக்கி, லெப்டினன்ட் ஜெனரல் குல் பகதூர் கட்காவை அந்த இடத்தில் அமர்த்தியது. அன்று இரவே ஜனாதிபதி ராம் பரண் யாதவின் கடிதம் கட்டவாலுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது: பணியில் தொடரவும். மறுநாள் பதவியை விட்டு இறங்கியவர் பிரதமர்தான்.

இடையில் பத்தாண்டு. இரண்டும் அண்டை நாடுகள், இரண்டும் கூட்டணி அரசுகள். தில்லியில் உத்தரவு நின்றது. காத்மாண்டுவில் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. ஆனால் இரண்டு அரசுகளும் கவிழ்ந்தன. இரண்டையும் கவிழ்த்தது கூட்டாளிக் கட்சி. ராணுவம் ஒரு டாங்கியைக்கூட நகர்த்தவில்லை. இந்த ஒற்றுமைதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

சண்டையின் கரு

தில்லியில் தகராறு ஒரே ஒரு பதவியைப் பற்றியது. வைஸ் அட்மிரல் ஹரீந்தர் சிங்கைக் கடற்படைத் துணைத் தளபதிகளில் ஒருவராக நியமித்து அமைச்சரவையின் நியமனக் குழு உத்தரவிட்டது. கடற்படைச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் அது பொருந்தாது, நிறைவேற்ற முடியாது என்று பகவத் எழுதினார். தன் கீழ் யார் பணியாற்றுவது என்பதில் தளபதியின் பரிந்துரைக்கு மதிப்பு வேண்டும் என்பது அவர் வாதம். அமைச்சரவை போட்ட உத்தரவைத் தளபதி மறுத்தால் சிவில் அதிகாரம் எங்கே நிற்கும் என்பது அரசின் கேள்வி. இதற்கு முன்பே பகவத்துக்கும் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கும் உறவு கசந்திருந்தது.

நேபாளத்தில் கரு இதைவிடப் பெரியது: நாட்டின் படை எது என்பதே கேள்வி. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஒன்றையொன்று சுட்ட இரண்டு படைகள், சமாதான உடன்பாட்டுக்குப் பிறகும் தனித்தனியே இருந்தன. ஒருபுறம் அண்மைக்காலம்வரை அரசருக்கு விசுவாசம் காட்டிய தேசிய ராணுவம். மறுபுறம், ஐ.நா. குழு சரிபார்த்துக் கணக்கெடுத்த 19,602 மாவோயிஸ்ட் போராளிகள். பெரிய முகாம்கள் ஏழு, துணை முகாம்கள் இருபத்தொன்று. ஆயுதங்கள் கொள்கலன்களில் பூட்டிக் கிடந்தன. அவர்களை ராணுவத்தில் சேர்ப்பதா, எத்தனை பேரை, எப்படி என்பதே நாட்டின் முதல் பிரச்சினை. கட்டவால் அதற்குப் பிடிகொடுக்கவில்லை.

உரசல்கள் அடுக்கடுக்காக வந்தன. ஏறத்தாழ 3,000 பேரை ராணுவம் தானாகவே ஆள்சேர்த்தது. எட்டுப் பிரிகேடியர் ஜெனரல்களுக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று அரசு சொன்னது. அவர்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். மாவோயிஸ்ட் படையின் அணியும் களமிறங்குகிறது என்று தெரிந்ததும் தேசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து ராணுவ அணி விலகியது. பந்தாட்ட மைதானத்தில்கூடச் சேர்ந்து நிற்காதவர்களை ஒரே பாசறையில் படுக்க வைப்பது எப்படி? 2009 ஏப்ரலில் கட்டவாலிடம் இருபத்து நான்கு மணி நேரத்தில் விளக்கம் கேட்டது அரசு.

உத்தரவுக்குப் பின்னால் நின்றவர்கள்

வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. பெர்னாண்டஸ் பா.ஜ.க.காரர் அல்ல, சமதா கட்சியின் தலைவர், கூட்டணியின் ஒரு தூண். பகவத்தா பெர்னாண்டஸா என்று வந்தபோது, பெர்னாண்டஸைக் கைவிட்டால் அரசின் ஒரு கால் ஒடியும். பிரதமர் வாஜ்பாயும் அமைச்சரவையும் அவர் பின்னால் நின்றார்கள். ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் கையெழுத்திட்டார். ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான் படை அதிகாரி பதவியில் இருக்க முடியும் என்பது அரசமைப்பு விதி. அந்த விருப்பம் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பது என்பதும் அப்போதே தீர்ந்துபோன விஷயம். பகவத் பேட்டிகளில் கடுமையாகப் பேசினார், குற்றம் சாட்டினார். கடற்படை தன் வேலையைப் பார்த்தது.

நேபாளத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராம் பகதூர் தாபா, முன்னாள் கெரில்லாத் தலைவர். நேற்றுவரை எதிரே நின்று சுட்டவர் இன்று தளபதிக்கு மேலதிகாரி. அதைக்கூடக் கூட்டணி சமாளித்திருக்கும். ஆனால் நேபாளிகள் எமாலே என்று சொல்லும் ஐக்கிய மார்க்சிய லெனினியக் கட்சி, கட்டவாலை நீக்குவதற்கு உடன்படவில்லை. மே 3 அமைச்சரவைக் கூட்டத்திலிருந்து அதன் அமைச்சர்கள் எழுந்து போனார்கள். மாதேசி மக்களின் கூட்டாளிக் கட்சியும் கை கொடுக்கவில்லை. மிஞ்சியது மாவோயிஸ்டுகளின் முடிவு மட்டும். அரசியல் ஒருமித்த கருத்தோடு ஆட்சி நடக்க வேண்டும் என்பது அன்றைய இடைக்கால அரசமைப்பின் அடிநாதம். அதைச் சொல்லித்தான் ஜனாதிபதி தலையிட்டார். அவரும் நேபாளி காங்கிரஸிலிருந்து வந்தவர், எதிர்க்கட்சிகள் அவரைத் தலையிடச் சொன்னவை என்பதையும் மறக்கக் கூடாது. தளபதியை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரவைக்கே என்று எழுதியிருந்த ஏட்டை வைத்துப் பார்த்தால், பிரசண்டாவின் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த ஏட்டைத் தூக்கிப் பிடிக்க அவர் பக்கத்தில் ஒரு கூட்டாளியும் இல்லை.

பதவி விலகிய மறுநாள் இன்னோர் அடி விழுந்தது. சித்வன் மாவட்டத்துச் சக்திகோர் முகாமில் 2008 ஜனவரியில் பிரசண்டா பேசிய காணொளி வெளியானது. உண்மையில் ஏழாயிரம், எட்டாயிரமாக இருந்த தம் படையை முப்பத்தைந்தாயிரம் என்று காட்டிக் கணக்கில் ஏற்றியதாகப் போராளிகளிடம் அவரே பெருமையோடு சொல்கிறார். கட்டவாலின் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

கவிழ்ந்த விதம்

காத்மாண்டுவில் கூட்டாளி முதலிலேயே எழுந்து போனார். தில்லியில் மூன்றரை மாதம் கழித்து. அந்த நாடகத்தின் மைய மேடை சென்னை.

1998 தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு மட்டும் 18 எம்.பி.க்கள். அவர்கள் இல்லாமல் வாஜ்பாய் அரசு இல்லை. தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாத மனத்தாங்கல் ஏற்கெனவே ஜெயலலிதாவுக்கு இருந்தது. 1999 வசந்தத்தில் அவர் கையிலெடுத்தது பகவத் விவகாரம்: அட்மிரலைத் திரும்பப் பதவியில் அமர்த்த வேண்டும், பெர்னாண்டஸைப் பாதுகாப்புத் துறையிலிருந்து மாற்ற வேண்டும். தில்லி அசோகா ஓட்டலில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் சந்தித்ததை அந்தத் தலைமுறை மறக்காது. அமைச்சரவை கோரிக்கையை நிராகரித்தது, அ.தி.மு.க. அமைச்சர்கள் விலகினார்கள்; ஆதரவும் போனது. ஏப்ரல் 17 அன்று மக்களவையில் 269க்கு 270. ஒரே ஒரு வாக்கு. ஜெயலலிதாவின் பழைய கூட்டாளிகளான பா.ம.க.வும் ம.தி.மு.க.வும் வாஜ்பாயோடு நின்றன. அவர் கலைக்கச் சொன்ன தி.மு.க.வும் அரசைக் காப்பாற்றவே வாக்களித்தது.

பகவத்தின் நீக்கம் சரியா தவறா என்று அந்த வாக்கெடுப்பு தீர்ப்பு எழுதவில்லை. பேரத்தில் ஒரு சீட்டாக அவர் பெயர் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதமே கார்கிலில் சண்டை மூண்டது. அதை நடத்தியது காபந்து அரசு. கடற்படைக்குத் தலைமை சுஷில் குமார். பாதுகாப்பு அமைச்சர் அதே பெர்னாண்டஸ். அரசு விழுந்த பிறகும் உத்தரவு நின்றது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

கட்டவாலோ சில மாதங்கள் பதவியில் இருந்து, காலம் முடிந்து முறைப்படி ஓய்வு பெற்றார். அவரை நீக்க எழுந்த புயல், அவர் வயது தானாக முடித்து வைத்திருக்கக்கூடிய விஷயத்துக்காக வீசியது.

ஒப்பிட்டால் கிடைப்பது

சிவில் அரசுக்குப் படை கட்டுப்படுமா என்ற கேள்வியை நாம் வழக்கமாகத் தளபதியின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறோம். இந்த இரு கதைகளிலும் விடை அமைச்சரவைக் கூட்ட அறையில் இருந்தது. பகவத் கட்டவாலைவிடப் பணிவானவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவரை நீக்கிய அன்று எந்தக் கூட்டாளியும் எழுந்து போகவில்லை என்பதே வித்தியாசம். அரை அமைச்சரவை போட்ட உத்தரவைத் தளபதி அரசின் உத்தரவாக எடுத்துக்கொள்வதில்லை; ஒரு கட்சியின் கடிதமாகவே படிக்கிறார்.

இதற்கு நேபாளமே பின்னாளில் சான்று கொடுத்தது. 2011 நவம்பர் 1 அன்று மாவோயிஸ்டுகள், நேபாளி காங்கிரஸ், எமாலே, மாதேசிக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஏழு அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ராணுவத்தில் சேர்க்கப்படுவோர் உச்சவரம்பு 6,500 என்று முடிவானது. கடைசியில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர்தான். 2012 ஏப்ரலில் பிரதமராக இருந்தவர் பாபுராம் பட்டராய், அவரும் மாவோயிஸ்ட். அவருடைய அரசு சொன்னதும், கட்டவால் காலத்தில் முறைத்துக்கொண்டு நின்ற அதே ராணுவம் முகாம்களுக்குள் போய், ஆயுதக் கொள்கலன்களின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.